படிவப் பிளகின்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தில் ஒரு படிவம் வைக்க வேண்டும் என்று முடிவானதும் பெரும்பாலோர் நான்கைந்து பிளகின்களின், அதாவது தளத்துக்குப் புது வசதி சேர்க்கும் துணை நிரல்களின், வசதிப் பட்டியல்களைத் திறந்து அருகருகே வைத்துக்கொள்கிறார்கள். எதில் வார்ப்புருக்கள் அதிகம், எதில் இழுத்துப்போட்டு அமைக்கலாம், எதில் எத்தனை வகைப் புலங்கள் (நிரப்பும் இடங்கள்) உள்ளன என்று எண்ணுகிறார்கள். இவை எல்லாம் படிவத்தை உருவாக்கும் வேலையைப் பற்றியவை. அந்த வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். படிவமோ பல ஆண்டுகள் தளத்தில் இருக்கப்போகிறது.

வருகையாளர் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்திய பிறகு அவர் எழுதியது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, யார் கண்ணில் படுகிறது? ஒப்பீடு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுவதால் நேர்பவை.

வந்த செய்தி எங்கே இருக்கிறது?

ஒரு பிளகின் படிவத்தை மின்னஞ்சலாக அனுப்புகிறது என்றால் அதன் நகலைத் தளத்திலும் சேமிக்கும் என்று பலர் தாமாகவே எண்ணிக்கொள்கிறார்கள். எல்லாப் பிளகின்களும் அப்படிச் செய்வதில்லை. தகாயுகி மியோஷி உருவாக்கி 2007 முதல் புழக்கத்தில் இருக்கும் கான்டாக்ட் ஃபார்ம் 7 முழுக்க இலவசமானது; உலகில் மிக அதிகமாக நிறுவப்பட்ட படிவப் பிளகின்களில் ஒன்று. அது செய்தியை மின்னஞ்சலாக அனுப்புவதோடு நின்றுவிடும், தரவுத்தளத்தில் எதையும் வைத்துக்கொள்ளாது. சேமிக்க வேண்டுமானால் மியோஷியே வெளியிட்டிருக்கும் ஃப்ளமிங்கோ என்ற துணைப் பிளகினைத் தனியாக நிறுவ வேண்டும். டபிள்யூபிஃபார்ம்ஸின் இலவச லைட் பதிப்பிலும் வந்த பதிவுகளை நிர்வாகப் பக்கத்தில் பார்க்க முடியாது. அதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸ், ஃபார்மினேட்டர், நிஞ்சா ஃபார்ம்ஸ் ஆகியவை இலவசப் பதிப்பிலேயே பதிவுகளைச் சேமிக்கின்றன. கிராவிட்டி ஃபார்ம்ஸுக்கு இலவசப் பதிப்பே கிடையாது; பணம் கட்டினால் சேமிப்பு எந்த உரிமத்திலும் உண்டு.

இந்த ஒரு வேறுபாட்டை நான் மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலே வைப்பேன். மின்னஞ்சல் ஒருநாள் வராமல் போகும். அது எந்தத் தளத்திலும் நடக்கக்கூடியது. அன்று தரவுத்தளத்தில் நகல் இருந்தால் தாமதமாகவாவது பதில் எழுதலாம். நகல் இல்லையென்றால் அப்படி ஒருவர் எழுதினார் என்பதே உங்களுக்குத் தெரியாது. அவரோ நீங்கள் பதில் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அஞ்சல் வராததற்குப் பிளகினைக் குறை சொல்வது

‘இந்தப் பிளகினில் மின்னஞ்சல் வரவில்லை, அதனால் வேறொன்றுக்கு மாறினேன்’ என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். மாறிய பிறகும் அஞ்சல் வராது. ஏனென்றால் படிவப் பிளகின்கள் அநேகமாக எல்லாமே வேர்ட்பிரஸின் ஒரே அஞ்சல் செயல்கூற்றிடம்தான் செய்தியைக் கொடுக்கின்றன. அதுவும் தனியாக எதையும் அமைக்காதவரை சர்வரில் உள்ள பிஎச்பி என்ற நிரல்மொழியின் அஞ்சல் வசதியிடம் கைமாற்றுகிறது. திரையில் ‘உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்று வந்தால் சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அஞ்சல் உரியவரின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

சேர்வதைப் பெரிதும் தீர்மானிப்பவை உங்கள் டொமைனின் (தளத்தின் இணையப் பெயரின்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள்; அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று பெறும் சேவை சரிபார்க்க உதவுபவை இவை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தன் பயனர்களுக்கு அஞ்சல் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். எனவே எந்தப் படிவப் பிளகினைத் தேர்ந்தாலும் எஸ்எம்டிபி வழியாக (கணக்கில் நுழைந்து ஓர் அஞ்சல் சேவை மூலம்) அஞ்சல் அனுப்ப ஒரு தனிப் பிளகினை முதலில் அமைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் இரண்டு படிவப் பிளகின்களின் அஞ்சல் திறனை ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது அவற்றை அல்ல, உங்கள் சர்வரைத்தான்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பிழை, ‘அனுப்புநர்’ இடத்தில் வருகையாளரின் முகவரியைப் போடுவது. பதில் எழுத வசதியாக இருக்கும் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் வேறொருவருடைய டொமைனின் பெயரில் உங்கள் சர்வர் அஞ்சல் அனுப்பினால் அது போலி அஞ்சலாகத் தோன்றும். பெறும் சேவை அதைத் தடுப்பது நியாயமே. அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனைச் சேர்ந்ததாக இருக்கட்டும். வருகையாளரின் முகவரிக்கு உரிய இடம் ‘பதிலுக்கான முகவரி’. நல்ல பிளகின்கள் இரண்டையும் தனித்தனியாக அமைக்க விடும்.

‘இலவசம்’ என்பதை ஒரே அளவுகோலாக எடுத்துக்கொள்வது

எந்த வசதி இலவசம், எதற்குப் பணம் என்பதில் ஒவ்வொரு பிளகினும் ஒவ்வொரு இடத்தில் கோடு போடுகிறது. முன்னால் தரும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் நிபந்தனை வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸின் இலவசப் பதிப்பில் அது இருக்கிறது. டபிள்யூபிஃபார்ம்ஸ் லைட்டில் இல்லை. நிஞ்சா ஃபார்ம்ஸில் கட்டண இணைப்பாகக் கிடைக்கிறது. கான்டாக்ட் ஃபார்ம் 7-க்கு வேறொருவர் எழுதிய தனிப் பிளகினை நம்ப வேண்டும். கோப்பு ஏற்றும் வசதியை எடுத்தால் வரிசை மாறிவிடுகிறது: கான்டாக்ட் ஃபார்ம் 7-இலும் ஃபார்மினேட்டரிலும் அது இலவசம், ஃப்ளூயன்ட் ஃபார்ம்ஸில் கட்டணம். ஆகவே ‘எது சிறந்த இலவசப் பிளகின்’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் படிவத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பட்டியல்களைத் திறந்தால் பாதிப் பெயர்கள் உடனே விலகிவிடும்.

பணம் வசூலிக்கும் படிவமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. டபிள்யூபிஃபார்ம்ஸ் லைட்டில் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் பெறலாம். ஆனால் ஸ்ட்ரைப்பின் கட்டணத்துக்கு மேல் பிளகின் நிறுவனம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 3 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வரவு பெருகும்போது கட்டணப் பதிப்பு வாங்குவது இதைவிட மலிவாக முடியலாம். கட்டணப் பதிப்பின் விலையைப் பார்க்கும்போதும் முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை, எத்தனை தளங்களுக்குச் செல்லும், உங்களுக்குத் தேவையான இணைப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்து மூன்று ஆண்டுச் செலவை ஒப்பிடுவதே சரி.

நிறுவல் எண்ணிக்கையைப் பாதுகாப்புச் சான்றாக நினைப்பது

பல லட்சம் தளங்களில் இருக்கும் பிளகினில் ஓட்டை இருக்காது என்ற நம்பிக்கை தவறு. கான்டாக்ட் ஃபார்ம் 7-இல் கோப்பு ஏற்றுவது தொடர்பான பாதுகாப்புக் குறை ஒன்று 2020 டிசம்பரில் வெளியான 5.3.2 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. நிஞ்சா ஃபார்ம்ஸில் 2022 ஜூனில் தெரியவந்த குறை கடுமையானதாக இருந்ததால் தள உரிமையாளர்களுக்குக் காத்திராமலேயே திருத்தப் பதிப்பு தானாக நிறுவப்பட்டது. இவற்றைச் சொல்வது இந்தப் பிளகின்களை ஒதுக்கச் சொல்வதற்காக அல்ல. குறை கண்டுபிடிக்கப்பட்டதும் திருத்தம் எவ்வளவு விரைவாக வந்தது, ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று சொல்லும் மாற்றப் பதிவேட்டில் அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா என்பவையே உண்மையான அளவுகோல். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஓராண்டாக அசையாத பிளகினை நான் தொடமாட்டேன்.

கோப்பு ஏற்றும் புலம் வைப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஏற்றப்பட்ட கோப்பின் முகவரியை நகலெடுத்து, கணக்கில் நுழையாத வேறொரு உலாவியில் திறந்து பாருங்கள். அடையாள ஆவணமோ சுயவிவரக் குறிப்போ அங்கே திறந்துகொண்டால் அந்த முகவரி கிடைக்கும் எவரும் அதைப் பார்க்கலாம். உங்களை நம்பித் தந்தவருக்கு நீங்கள் செய்யும் அநீதி அது. கான்டாக்ட் ஃபார்ம் 7 இந்த விஷயத்தில் எளிய வழியைப் பின்பற்றுகிறது: கோப்பை அஞ்சலோடு இணைத்து அனுப்பியதும் தற்காலிக நகலை அழித்துவிடுகிறது. கிராவிட்டி ஃபார்ம்ஸில் ஒவ்வொரு படிவத்துக்கும் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று வரையறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது வேர்ட்பிரஸும் 4.9.6 பதிப்பில் தனிநபர் தரவை ஏற்றுமதி செய்யவும் அழிக்கவும் கருவிகளைச் சேர்த்தது. நீங்கள் பார்க்கும் படிவப் பிளகின் அந்தக் கருவிகளோடு இணைந்து இயங்குகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒருவர் ‘என் விவரங்களை அழியுங்கள்’ என்று கேட்கும்போது கையால் தேட வேண்டியிருக்கும்.

சோதனையை ஒரே அமர்வில் முடித்துவிடுவது

படிவத்தை அமைத்தவரே, நிர்வாகியாக நுழைந்த நிலையிலேயே, ஒருமுறை நிரப்பிப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான பழக்கம். அந்தச் சோதனை கிட்டத்தட்ட எதையும் காட்டாது. வேர்ட்பிரஸ் படிவங்களில் வைக்கும் நான்ஸ் என்ற பாதுகாப்புக் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரமே செல்லும். பக்கம் அதைவிட நீண்ட நேரம் கேச்சில் (வேகத்துக்காகச் சேமித்து வைத்த நகலாக) இருந்தால், நான்ஸைச் சரிபார்க்கும் பிளகினில் காலாவதியான குறியீட்டோடு வரும் படிவம் நிராகரிக்கப்படலாம். நிர்வாகிக்குப் பொதுவாகக் கேச் செய்த பக்கம் காட்டப்படுவதில்லை என்பதால் இந்தக் கோளாறு அவர் கண்ணில் படவே படாது. ஒவ்வொரு பிளகினிலும் ஒரு படிவம் செய்து வைத்து, இரண்டு நாள் கழித்து, கணக்கில் நுழையாமல், கைபேசியிலிருந்து நிரப்புங்கள்.

அப்போதே சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் படிவத்தை முடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். புலத்தின் பெயர் புலத்துக்கு உள்ளே மங்கலான எழுத்தாக மட்டும் இருந்தால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். என்ன கேட்டார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை நிரப்புபவர் மேல் விழுகிறது. பிழைச் செய்திகளை எல்லாம் தமிழில் மாற்ற முடிகிறதா என்பதும் முக்கியம். பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பாக) இறக்கி எக்செல்லில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகச் சிதைந்து தெரிந்தால், கோப்பின் எழுத்துகள் யூனிகோடு முறையில் உள்ளன என்று எக்செல்லுக்குச் சொல்லும் அடையாளக் குறியை அந்தப் பிளகின் ஏற்றுமதியில் சேர்க்காமல் இருக்கலாம்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை விட்டுவிடலாம். படிவமே இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்து, உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் அந்தப் பிளகினின் கோப்புகள் வருகின்றனவா என்று பார்த்தால் போதும். கான்டாக்ட் ஃபார்ம் 7 இயல்பு நிலையில் எல்லாப் பக்கங்களிலும் தன் கோப்புகளை ஏற்றுகிறது. நிறுத்த வழியுண்டு, ஆனால் நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

ஸ்பாம் தடுப்பிலும் ‘கேப்சா (நிரப்புவது மனிதரா நிரலா என்று சோதிக்கும் வசதி) உண்டா’ என்று மட்டும் கேட்பது போதாது. 2018-இல் வந்த கூகுளின் ரீகேப்சா 3 வருகையாளரிடம் எதையும் கேட்காமல் 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் போடுகிறது. உண்மையான மனிதருக்கும் குறைந்த மதிப்பெண் விழக்கூடும். அப்படித் தடுக்கப்பட்ட செய்தி சுவடில்லாமல் மறைகிறதா, தனிப் பெட்டியில் ஒதுங்குகிறதா என்று கேளுங்கள். கிராவிட்டி ஃபார்ம்ஸிலும் ஃப்ளமிங்கோவிலும் ஸ்பாமுக்குத் தனி இடம் உண்டு.

வெளியேறும் வழியைப் பார்க்காமல் உள்ளே போவது

கால்டெரா ஃபார்ம்ஸ் ஒரு காலத்தில் பலர் விரும்பிய பிளகின். 2018-இல் நிஞ்சா ஃபார்ம்ஸ் நிறுவனம் அதை வாங்கியது; 2021 இறுதியோடு அதன் பராமரிப்பு நின்றது. அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் படிவங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எந்தப் பிளகினுக்கும் இது நேரலாம். பக்க வடிவமைப்புக் கருவியோடு ஒட்டி வரும் படிவங்களில் சிக்கல் இன்னும் பெரிது: அந்தக் கருவியை விட்டால் படிவமும் போய்விடும்.

பல பிளகின்கள் பிறவற்றின் படிவங்களை இறக்குமதி செய்யும் வசதி தருகின்றன. அது பெரும்பாலும் புலங்களையும் அமைப்புகளையும் கொண்டுவரும். பழைய பதிவுகளும் வருமா என்பதைத் தனியே உறுதிசெய்ய வேண்டும். மாறும்போது பழைய பிளகினை முதலில் செயலிழக்க மட்டும் செய்யுங்கள், நீக்காதீர்கள். கான்டாக்ட் ஃபார்ம் 7-ஐ நீக்கினால் அதில் உருவாக்கிய படிவங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். படிவத்தைக் காட்டும் ஷார்ட்கோடு (பக்கத்தில் இடும் சிறு குறியீடு) வைத்திருந்த பக்கங்கள் எவையெவை என்று தேடிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் புதிய படிவம் நின்ற பிறகு, பதிவுகளின் சிஎஸ்வி நகலைத் தளத்துக்கு வெளியே பத்திரப்படுத்திக்கொண்டு நீக்குங்கள்.