பழைய மோசின்-நகாண்டைச் சுத்தம் செய்வது எப்படி

பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது வாசனைதான். பழைய மெழுகும் டீசலும் கலந்த மாதிரி இருக்கும். சோவியத் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் கிடந்த 91/30 மோசின்-நகாண்ட் ரைஃபிள் முழுக்கக் காஸ்மோலின் என்ற கெட்டிக் கிரீஸ் பூசியிருக்கும். அது எரிச்சலூட்டும், ஆனால் இத்தனை வருடம் துருவை அண்டவிடாமல் காத்ததும் அதுதான். நம் வேலை அதை எடுப்பது மட்டுமே. துப்பாக்கியைப் புதுசாக்குவது இல்லை.

கனடாவில் இதை வாங்க பிஏஎல் என்ற துப்பாக்கி உரிமம் வேண்டும். மற்ற நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தை முதலில் பாருங்கள்.

வேலையைத் தொடங்குமுன் தோட்டா எதுவும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் கைப்பிடி வைத்த உருளையைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவுங்கள். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினின் அடித்தட்டையும் திறந்து பாருங்கள். பிறகு ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும்.

அடுத்து, எதையும் துடைக்காமல் போட்டோ எடுங்கள். குழலின் பின்பகுதியில் முத்திரையும் வருடமும் இருக்கும். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் தூலா தொழிற்சாலை, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை. சதுரத்துக்குள் குறுக்குக்கோடு இருந்தால், ராணுவக் கிடங்கில் பழுதுபார்த்து மறுபடி அடுக்கிவைத்தது என்று அர்த்தம். போல்ட், மேகசின் தட்டு, பின்கட்டையின் இரும்புத் தகடு ஆகியவற்றில் உள்ள எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சில எண்கள் அடித்துவிட்டு மறுபடி பொறித்தவையாக இருக்கலாம். கவலை வேண்டாம், அதுவும் அதன் கதைதான்.

திருகுகளைக் கழற்றும்போது காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கட்டாயம். தளர்வான திருப்புளி வழுக்கினால் எண்பது வருடம் பிழைத்த திருகுத்தலை ஒரு நொடியில் நாசமாகும்.

இரும்புப் பாகங்களுக்குக் கொதிநீர் போதும். சமையலுக்கு இனி பயன்படுத்தாத பாத்திரத்தில் சிறு பாகங்களைப் போட்டால் கிரீஸ் உருகி மிதக்கும். எடுத்த உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள், தாமதித்தால் துரு வந்துவிடும். ஒளிந்திருக்கும் மிச்சத்துக்குப் பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். அருகில் நெருப்பு கூடாது.

போல்ட்டின் உள்ளேயும் கிரீஸ் கெட்டியாகியிருக்கும். பின்குமிழை இழுத்துத் திருப்பினால் அது பிரிந்துவிடும். மறுபடி சேர்க்கும்போது, தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஊசியின் பின்முனையில் உள்ள கோடும் குமிழில் உள்ள கோடும் நேராக நிற்க வேண்டும். ஊசி எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதற்கு ரைஃபிளுடன் வரும் கருவியிலேயே 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். 95 வெட்டில் தட்டாமலும் 75 வெட்டில் தட்டியும் நின்றால் சரி.

“போல்ட் இறுகுது” என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் தோட்டா அறையைச் சுத்தம் செய்யாதவர்கள். அங்கே காய்ந்த காஸ்மோலின் சுட்டதும் உருகி, பசைபோல் தோட்டா உறையைப் பிடித்துக்கொள்ளும். பெரிய பித்தளைப் பிரஷை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகத் தேயுங்கள். குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யுங்கள், வாய்ப்பக்கம் தேயக்கூடாது. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளம் குழல்வாயில் இல்லாமல் சிறிது உள்ளே தள்ளி ஆரம்பித்தால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், தேய்ந்த முனையைக் கிடங்கிலேயே அகலப்படுத்தியிருப்பார்கள்.

மரக்கட்டையில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் ரைஃபிளை ஆல்கஹாலால் துடைத்தேன். சிவந்த பளபளப்பு அப்படியே துணியில் வந்துவிட்டது. அந்தப் பூச்சு ஷெல்லாக், நம் அரக்குதான். ஆல்கஹாலில் கரையும், மினரல் ஸ்பிரிட்டில் கரையாது. வெயிலில் சிறிது வைத்தால் மரத்துக்குள் ஊறிய கிரீஸ் வியர்க்கும், அதைத் துடைத்துத் துடைத்து எடுங்கள். அதிகச் சூட்டில் அரக்கே இளகும், அளவோடு போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முத்திரைகள் போய்விட்டால் திரும்ப வராது.

சுடுவதற்குமுன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி சரியா என்று அளந்துவிடுங்கள். அதிலும் போல்ட் எண் குழல் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய ராணுவத் தோட்டாவாக இருந்தால், சுட்ட அன்றே குழலில் வெந்நீர் விட வேண்டும். அதன் பற்றவைப்புக் கலவை உப்பை விட்டுச்செல்லும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அப்புறம் உலரத் துடைத்து எண்ணெய்.

முதல் முறை சுடும்போது குறி ஒரு பக்கமாகத் தள்ளிப் போனால் பதறாதீர்கள். இவற்றைச் சோவியத் ராணுவம் முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தி மாட்டியபடியே குறி சரிசெய்தது. அதை மாட்டிப் பாருங்கள்.