லினக்ஸ் கெர்னலில் பிராசஸர் வழுக்களைக் கையாளுதல்: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிராசஸரின் சிலிக்கனில் பதிந்துவிட்ட பிழையை, அது பயனரின் கைக்கு வந்த பிறகு யாராலும் செதுக்கித் திருத்த முடியாது. அதைச் சுற்றிச் செல்லும் வழியை மென்பொருள்தான் அமைத்துத் தர வேண்டும். 1997இல் வெளிப்பட்ட பென்டியம் வழு ஒன்றில், எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத சாதாரண நிரல்கூட நான்கு பைட்டுகளால் கணினி முழுவதையும் உறைய வைக்க முடிந்தது. அப்போது குறுக்கீட்டு அட்டவணை (குறுக்கீடு வந்தால் எதை இயக்குவது என்று பிராசஸர் பார்க்கும் பட்டியல்) இருக்கும் நினைவகப் பக்கத்தைப் படிக்க மட்டும் அனுமதிக்கும்படி மாற்றி, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் தனியாகவே அதைச் சமாளித்தது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய தரவுக் கசிவு வழுக்களுக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. இன்றைய மாற்றுவழிகள் பலவற்றில் ஒரு பாதி கெர்னலிலும் மறு பாதி, பிராசஸருக்குள்ளேயே இயங்கும் அடிமட்ட நிரலான மைக்ரோகோடிலும் இருக்கின்றன. என் மடிக்கணினியில் இரண்டாவது பாதி விடுபட்டிருந்ததை நான் மிகவும் தாமதமாகவே கண்டுகொண்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பு முறையில் தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

முதல் படி, இருக்கும் நிலையைப் படிப்பது. சிஸ் கோப்பமைப்பில் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று வரிசையாக உள்ளே சென்றால் வல்னரபிலிட்டீஸ் என்ற அடைவு இருக்கும். கெர்னல் 4.15 முதல் இருந்துவரும் இந்த அடைவில் ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு கோப்பு உண்டு. கேட் கட்டளையால் இவற்றைப் படித்தால் எந்த வரி எந்த வழுவுக்கு உரியது என்று தெரியாது. கிரெப் கட்டளைக்கு ஒற்றைப் புள்ளியைத் தேடுசொல்லாகக் கொடுத்து, அடைவின் எல்லாக் கோப்புகளையும் நட்சத்திரக் குறியால் சுட்டினால், கோப்பின் பெயரும் நிலையும் ஒரே வரியில் கிடைக்கும். இதற்கென்று இணையத்தில் கிடைக்கும் சோதனை நிரல்களைவிட நான் இந்தக் கோப்புகளையே நம்புகிறேன், ஏனெனில் மாற்றுவழியைத் தேர்ந்தெடுத்த கெர்னலே தன் முடிவை இங்கே எழுதி வைக்கிறது. சிபியூஇன்ஃபோ கோப்பில் காணப்படும் பக்ஸ் என்ற வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். வன்பொருளில் அந்த வழு உண்டு என்பதை மட்டுமே அது சொல்கிறது, பாதுகாப்பு இல்லை என்று சொல்வதில்லை.

இரண்டாவது படிதான் என்னை இடறிவிட்டது. 2019 மே மாதம் வெளியான பிராசஸரின் உள் இடையகங்களில் (தற்காலிகச் சேமிப்பிடங்களில்) தங்கிய தரவைக் கசியவிடும் எம்டிஎஸ் என்ற வழுவுக்கான கோப்பில், "வல்னரபிள்: கிளியர் சிபியூ பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோடு" என்று இருந்தது. இடையகங்களைத் துடைக்க முயற்சி நடக்கிறது என்ற பகுதியை மட்டும் கண்ணில் வாங்கிக்கொண்டு, வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதாக எண்ணிவிட்டேன். உண்மையில் கெர்னல், பயனர் நிரலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் விஇஆர்டபிள்யூ என்ற மிகப் பழைய பிராசஸர் கட்டளையை இயக்குகிறது. ஒரு நினைவகப் பகுதியில் எழுத முடியுமா என்று சோதிப்பது மட்டுமே அந்தக் கட்டளையின் ஆதி வேலை. புதிய மைக்ரோகோடு ஏற்றப்பட்ட பிறகே, அதே கட்டளை பிராசஸரின் உள் இடையகங்களையும் துடைக்கத் தொடங்குகிறது. மைக்ரோகோடு இல்லாதபோது கெர்னல் அந்தக் கட்டளையை எத்தனை முறை இயக்கினாலும், இடையகத்தில் தங்கிய தரவு அங்கேயே இருக்கும்.

எனவே மூன்றாவது படியாக மைக்ரோகோடை நிறுவுங்கள். உங்கள் லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரோ) தரும் தொகுப்பையே பயன்படுத்துங்கள். கோப்பைத் தனியாக இறக்கி அடைவில் வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. டெபியன் 12 முதல் இவ்வகைத் தொகுப்புகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பிரிவில் உள்ளன. நிறுவிய பின் கணினியை மறுதுவக்கம் செய்தே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே மைக்ரோகோடை ஏற்றும் ரீலோட் வழியை நான் முதலில் முயன்றேன். சிபியூஇன்ஃபோவில் மைக்ரோகோடின் பதிப்பு எண் உயர்ந்தது, ஆனால் எம்டிஎஸ் வரி சற்றும் மாறவில்லை. தன் மாற்றுவழிகளைக் கெர்னல் துவக்கத்தின்போதே தேர்ந்தெடுத்துவிடுகிறது என்பதும், பின்னர் தோன்றும் புதிய வசதிகளை அது கணக்கில் கொள்வதில்லை என்பதும் அப்போதுதான் விளங்கின. துவக்கத்திலேயே ஏற்றப்பட வேண்டுமானால், மைக்ரோகோடு, துவக்கத்தின்போது கெர்னலுடன் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் தொடக்கத்தில் சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். தொகுப்பே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடும். மறுதுவக்கத்துக்குப் பின் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் மைக்ரோகோடு என்று தேடிப் பதிப்பு எண்ணை உறுதிசெய்துவிட்டு, முதல் படியை மீண்டும் செய்யுங்கள். வரி இப்போது "மிட்டிகேஷன்" என்று தொடங்க வேண்டும். இவ்வாறு ஏற்றப்படும் மைக்ரோகோடு மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும், ஆகவே புதிய பதிப்பு தொல்லை தந்தால் பழைய தொகுப்புக்குத் திரும்பலாம்.

அதன் பிறகே துவக்க அளவுருக்களைத் தொட வேண்டும். மாற்றுவழிகளை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தும் மிட்டிகேஷன்ஸ் என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு ஆட்டோ; பெரும்பாலோருக்கு அதுவே போதும். "எஸ்எம்டி வல்னரபிள்" என்று வரியின் இறுதியில் கண்டு, ஒருவரையொருவர் நம்பாத பயனர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், ஒரே கருவில் இரண்டு இழைகளை ஓட்டும் எஸ்எம்டி வசதியைத் தேவைப்பட்டால் அணைக்க, ஆட்டோவுடன் காற்புள்ளியிட்டு நோஎஸ்எம்டி என்பதைச் சேர்க்கலாம். வேகத்துக்காக ஆஃப் என்று அமைக்கச் சொல்லும் அறிவுரையை, உலாவி இயங்கும் எந்தக் கணினியிலும் பின்பற்றாதீர்கள். எந்த மாற்றத்தையும் முதலில், துவக்க நிரலான கிரப் காட்டும் பட்டியலில் இ விசையை அழுத்தி, அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும் சேர்த்துச் சோதித்துவிட்டு, பிறகே நிலையான அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். ப்ராக் கோப்பமைப்பில் உள்ள சிஎம்டிலைன் என்ற கோப்பு, கெர்னல் எந்த அளவுருக்களுடன் துவங்கியது என்பதைக் காட்டும்.

ஆர்ம் 64 பிட் பலகைகளில் கதை வேறு. அங்கே பல மாற்றுவழிகள் கெர்னலைத் தொகுக்கும்போதே தேர்வுகளாக அமைகின்றன. எடுத்துக்காட்டாக, கார்டெக்ஸ் ஏ53இன் 843419 என்ற எண்ணுள்ள வழு, 4 கிலோபைட் பக்கம் ஒன்றின் இறுதி இரண்டு இடங்களில் ஒரு குறிப்பிட்ட முகவரிக் கட்டளை விழும்போது தலைகாட்டக்கூடியது. அதனால் அதை நிரல் இணைப்பியே தவிர்த்துத் தர வேண்டியிருக்கிறது. இத்தகைய தேர்வுகளை அணைத்து கெர்னலைச் சிறிதாக்க முயல வேண்டாம்.

பிற்சேர்க்கை: மெய்நிகர் கணினியில் மைக்ரோகோடை நிறுவியும் எம்டிஎஸ் வரி மாறவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மெய்நிகர் கணினியால் பிராசஸரின் மைக்ரோகோடை மாற்ற முடியாது. அதை ஏற்ற வேண்டியது, மெய்நிகர் கணினி எதன் மேல் ஓடுகிறதோ அந்தத் தாங்கும் கணினி. அத்துடன், இடையகங்களைத் துடைக்கும் வசதி உண்டு என்பதைக் குறிக்கும் எம்டி-கிளியர் என்ற கொடியையும் மெய்நிகர் கணினிக்குக் காட்ட வேண்டும். மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான கியூஎம்யூவில் பழைய பிராசஸர் மாதிரி ஒன்றைத் தேர்ந்திருந்தால், தாங்கும் கணினி சரியாக இருந்தும் அந்தக் கொடி உள்ளே தெரியாது. ஹோஸ்ட் என்ற மாதிரிக்கு (லிப்விர்ட் மேலாண்மைக் கருவியில் இதன் பெயர் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ) மாற்றுங்கள், அல்லது கொடியைத் தனியே சேருங்கள். பிறகு மெய்நிகர் கணினியை உள்ளிருந்தபடியே மறுதுவக்கம் செய்வதோடு நிறுத்தாமல், முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்குங்கள். கியூஎம்யூ புதிதாகத் தொடங்கும்போதுதான் மாற்றிய மாதிரி நடைமுறைக்கு வரும்.