முட்டை வந்த பிறகு பூச்சியை விரட்ட முடியாது: வண்ணமீன் குஞ்சு வளர்ப்பில் நடக்கும் தவறுகள்

சென்னை கொளத்தூரில் நல்ல ஏஞ்சல் மீன் ஜோடி வாங்குவது சுலபம். முட்டை போட வைப்பதும் பெரிய கஷ்டமில்லை. நூற்றுக்கணக்கில் போட்ட முட்டை இரண்டு ராத்திரியில் கரைந்துபோகும்போதுதான் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. உடனே தாய் தகப்பன் மீன் மேல் பழி விழும். தனித் தொட்டிக்கு மாற்றிய முட்டையும் குறைகிறது என்றால், தின்பது அநேகமாகப் பிளனேரியா என்ற தட்டைப்புழுவோ நத்தையோ சைக்ளாப்ஸ் என்ற பொடி நீருயிரியோதான். இவை பெரும்பாலும் செடியோடும் உயிர் உணவோடும் வந்து சேர்பவை. முட்டையையும் பொடிக்குஞ்சையும் வைத்துக்கொண்டு மருந்து போடுவது ஆபத்து. அதனால் செய்ய வேண்டியதெல்லாம் ஜோடி சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வாங்கி வந்த செடியைக் குழாயில் காட்டிவிட்டு நடுவது முதல் தவறு. இலையடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை. தண்ணீர் பட்டால் போகாது. குஞ்சைத் தின்னும் ஹைட்ரா என்ற சின்ன உயிரி சுருங்கிக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடியை ஒரு பங்கு வாசனையில்லாத ப்ளீச்சுக்கு 20 பங்கு தண்ணீர் கலந்து இரண்டு நிமிடம் முக்கி, பிறகு ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாசியும் கபோம்பா போன்ற மெல்லிய இலைச் செடியும் இதைத் தாங்காது. முட்டைத் தொட்டியில் செடியே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஏஞ்சல் முட்டையை ஒட்டவைக்கப் பிவிசி குழாய்த் துண்டு போதும். பார்ப், டெட்ரா மீன்களுக்குச் சாயம் போகாத நைலான் நூல் கொத்தை வெந்நீரில் ஊறவைத்துப் போடலாம்.

குளத்தில் வலை போட்டுப் பிடித்த டாப்னியா என்ற நீர்த்தெள்ளும் கொசுப்புழுவும் இன்னும் மோசம். அதோடு தட்டான் புழு வரும். அடியில் அசையாமல் கிடந்து, கீழ்த்தாடையைச் சட்டென நீட்டிக் குஞ்சைக் கவ்வும். மொட்டை மாடியில் திறந்த சிமெண்ட் தொட்டி வைத்திருந்தால் தட்டானே வந்து முட்டையிட்டுப் போகும். கொசுவலையை இடைவெளி இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள்.

தொட்டி சுத்தமா என்று பகலில் பார்த்துப் பயனில்லை. விளக்கு அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடியுங்கள். கண்ணாடியில் வழுக்கியபடி நகரும் தட்டையான புழு, அம்பு முனை மாதிரித் தலை, அதில் இரண்டு கண் புள்ளி இருந்தால் அது பிளனேரியா. முட்டைக்கும் நீந்தத் தெரியாத குஞ்சுக்கும் எமன். மெல்லிய தண்டு, நுனியில் நூல் போன்ற கைகள், தொட்டால் பொட்டாகச் சுருங்குவது ஹைட்ரா. பொடிக்குஞ்சைக் கொட்டிப் பிடித்து விழுங்கும். வெள்ளை நூலாக நெளிந்து நீந்தும் புழுவைக் கண்டு பயப்படாதீர்கள். அது தீங்கில்லை, தீனி அதிகம் என்பதற்கு அடையாளம் மட்டும்.

பிளனேரியாவையோ ஹைட்ராவையோ கண்ணாடியில் நசுக்கக் கூடாது. பிய்ந்த துண்டும் முழுசாக வளரும். பொடி ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் இறால் துண்டு வைத்து இரவில் அடியில் போட்டு, காலையில் அப்படியே எடுத்தால் பிளனேரியா குறையும், ஒழியாது. ஒழிக்க வேண்டுமென்றால் மீனை மாற்றிவிட்டு, தொட்டியைக் காலி செய்து வெயிலில் மூன்று நாள் காயவைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை வெந்நீரில் போட்டு எடுங்கள். வலையும் அப்படித்தான்: தொட்டிக்கு ஒன்று, அதுவும் காய்ந்த வலை.

முட்டைத் தொட்டிக்குத் தாய்த் தொட்டித் தண்ணீரையே ஊற்றச் சொல்வார்கள். அதில் பிளனேரியாக் குஞ்சு இருந்தால் அதுவும் கூடவே வரும். அதே டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு), அதே சூட்டில் தனியாக ஒருநாள் காற்று ஓட்டிய தண்ணீரே பாதுகாப்பு. மீஞ்சூர், திருவொற்றியூர் பக்கம் கடல்நீர் ஏறிய போர் தண்ணீரில் கப்பி, மோலி வளரும். ஏஞ்சல், டெட்ரா முட்டை வெளுத்துப்போகும். ஆர்ஓ தண்ணீர் கலந்து டிடிஎஸ்ஸை 200-க்குள் கொண்டுவர வேண்டியது தாய்த் தொட்டியில்தான், ஏனென்றால் கருக்கூடுவது அங்கே. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

முட்டை ஒட்டிய குழாய்த் துண்டை ஒரு மக்கில் தண்ணீரோடு சேர்த்தே மாற்றி, பக்கத்தில் ஏர் ஸ்டோன் வையுங்கள். குமிழி முட்டை மேல் நேராக மோதக் கூடாது. பூஞ்சைக்கு ஒரு சதவீத மெத்திலின் ப்ளூ, ஐந்து லிட்டருக்கு ஒரு மில்லி. இது ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் பழகிய ஸ்பாஞ்சை, முட்டை பொரிந்து நீலம் வெளுத்த பிறகே போட வேண்டும். வெள்ளையான முட்டையைப் பைப்பெட்டால் தினமும் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். 28 டிகிரியில் ஏஞ்சல் முட்டை ஏறக்குறைய 60 மணி நேரத்தில் பொரியும். அதன்பின் நான்கைந்து நாள் குஞ்சு ஒட்டிக்கொண்டே துடிக்கும். வயிற்றிலுள்ள மஞ்சள்கருப் பைதான் அதற்குச் சாப்பாடு. அப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும்.

நீந்திய பிறகு ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால் கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, வேகமான காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். அந்த ஓடு குஞ்சின் குடலை அடைக்கலாம், அதனால் கீழிருந்து மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். மொத்தமாகக் கொட்டினால் மிஞ்சியது ஹைட்ராவுக்கு விருந்து. நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் போதும். அரை மணி கழித்தும் அடியில் ஆரஞ்சுப் படலம் கிடந்தால் ஏர் டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த வேளையைப் பாதியாக்குங்கள்.