சென்னை டு மதுரை பைக்கில்: முதுகு பிடிக்காமல் போய்ச் சேர

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். திண்டிவனம் தாண்டும் முன்பே இடுப்பு பிடித்துக்கொள்கிறதென்றால் தூரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்காரும் விதமும் வண்டியின் செட்டிங்கும்தான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் ஒரு வாரம் முன்பே சரிபார்த்து, ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பழகிவிடுங்கள். கிளம்புகிற காலையில் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்ப்பது வேலைக்கு ஆகாது.

முதல் வேலையாகப் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து டேங்க் பேக்கிலோ ஜாக்கெட்டிலோ வையுங்கள். ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தாலே இடுப்பெலும்பு சாயும். அதை ஈடுகட்ட முதுகெலும்பு மறுபக்கம் வளையும். அதே கோணலில் ஏழெட்டு மணி நேரம் போனால் வலிக்காமல் என்ன செய்யும்? பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பும் சேர்ந்து அழுந்தும்.

இனி உட்காரும் விதம். பிட்டத்துக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்தால் இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். உடம்பின் எடை அந்த இரண்டின் மேல் இறங்க வேண்டும். முதுகைக் கூன் போட்டால் எடை பின்னால் நகர்ந்து வால் எலும்புப் பக்கம் போய்விடும். கீழ்முதுகின் இயல்பான வளைவும் தட்டையாகிவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக முதுகெலும்பின் வட்டுகளுக்குத்தான் போகும். தொடையால் டேங்கை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அடிவயிறு தளராமல் இருக்கட்டும், முழங்கை மடிந்தே இருக்கட்டும். கை விறைத்திருந்தால் அடி தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும். வேகத்தடையோ பள்ளமோ தெரிந்ததும் ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டு, பிட்டத்தைச் சீட்டிலிருந்து இரண்டு விரற்கடை தூக்குங்கள். அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளியிருக்கும் குரூஸர் வண்டிகளில் இப்படி எழும்புவது கஷ்டம். அதில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதால்தான் பலர் கூன் போடுகிறார்கள். குழாய் ஹேண்டில்பார் என்றால் மேலே கிளாம்பில் இருக்கும் நான்கு போல்ட்டையும் ஆலன் கீயால் தளர்த்தி, உங்கள் பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். போதவில்லையென்றால் ஹேண்டில்பாரை உயர்த்தித் தரும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ரைசர் போடலாம். அதற்கு மேல் போனால் கேபிள் எட்டாது. போல்ட்டை முறுக்கியபின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்க ஒடித்துச் சோதியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒடிக்கும்போது ரேஸ் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டில் எடுத்தால் ஆபத்து. கிளட்ச், பிரேக் லீவரில் விரலை வைத்தால் மணிக்கட்டு மடியாமல், முன்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும்.

ஷாக் அப்சார்பரை யாரும் தொடுவதே இல்லை. வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, நீங்கள் லக்கேஜோடு உட்கார்ந்தபின் நண்பரை அளக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் மொத்தம் 100 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும் என்றால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 30 அளவில் இருக்க வேண்டும். அதிகம் அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவை, ஒரு படி கூட்டுங்கள். இரட்டை ஷாக் என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். டூல் கிட்டில் உள்ள கொக்கி ஸ்பேனரே இதற்குப் போதும். பின்னால் ஆள் ஏறினால் இன்னும் ஒன்றிரண்டு படி தேவைப்படும். டயரில் காற்று, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். “ரெண்டு பாயின்ட் கூடவே வை” என்று பங்க்கில் சொல்லும் பழக்கம் சின்னக் கல்லைக்கூட முதுகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

மெத்தென்ற சீட்டை நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஃபோம் அமுங்கி, அடித்தட்டு குத்தத் தொடங்கும். அழுத்தமான ஃபோம்தான் நல்லது. காற்று குஷன் வாங்கினால் முழுக்க ஊதி, மேலே உட்கார்ந்துகொண்டே காற்றை விடுங்கள். சீட்டுக்கும் உங்களுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும்போது மூடிவிடுங்கள். முழுக்க ஊதிய குஷன் பந்துபோல் ஆட்டும். முதுகில் பை வேண்டாம். வேறு வழியில்லையென்றால் வாரைத் தளர்த்தி, பையின் அடிப்பாகம் சீட்டில் உட்காரும்படி விடுங்கள்.

எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே இறங்குங்கள். மேல்மருவத்தூர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, துவரங்குறிச்சி என்று முன்கூட்டியே குறித்துவைத்தால் தள்ளிப்போட மாட்டீர்கள். இறங்கியதும் குனிந்து கால்விரலைத் தொடாதீர்கள். இடுப்பில் இரு கையையும் வைத்துப் பின்பக்கமாகப் பத்து முறை வளையுங்கள். பிறகு ஒரு காலைப் பின்னால் நீட்டித் தொடையின் முன்பகுதியை இழுங்கள், பக்கத்துக்கு இருபது நொடி. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் நடங்கள்.

மெயின் ஸ்டாண்ட் போடும்போது முதுகை வளைத்து வண்டியைத் தூக்குவது, பயணம் முழுக்கத் தப்பித்த முதுகையும் பிடிக்க வைக்கும். வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி இரண்டு முனையும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் இறக்குங்கள். வண்டி தானே பின்னால் ஏறும். கை வழிகாட்டினால் போதும்.

தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில நாளில் தணியும். வலி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ வண்டியை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.