சபை ஒழுங்கு: புதிய கமிட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிந்து புதிய கமிட்டி பொறுப்பேற்றதும், முதல் கூட்டத்திலேயே யாரையாவது 'ஒழுங்குக்குக் கொண்டுவர' ஒரு வேகம் வந்துவிடுகிறது. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் இப்படிப் பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகளை இப்போது இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் செய்கிறார்கள். காணிக்கைக் கணக்கைச் சரியாக எழுதுங்கள், கூட்டத்தில் கத்தாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

வராதவரை எண்ணுவது, தேடிப் போகாதது

குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் புரட்டாசி, ஐப்பசியில் பாதிப் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். மேட்டூர் தண்ணீர் எப்போது வந்ததோ, அதைப் பொறுத்துத்தான் இங்கே ஞாயிற்றுக்கிழமையும். இது தெரிந்தும், வேதாகமத்தில் எபிரெயர் 10:25-ஐ எடுத்து, சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று அதட்டுகிறார்கள். அதற்கு முந்தைய வசனம் 'ஒருவரையொருவர் கவனித்து' என்கிறது. வராதவர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய் வந்தவர் வேண்டுமானால் அடுத்த வசனத்தைப் பேசட்டும்.

நிறுத்திவைத்துவிட்டு மறந்துபோவது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத விஷயம் இதுதான்.

ஒரு சபையில் அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தை வசூலிக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. பூசணிக்காய், வாழைத்தார், கோழி, நெல் மூட்டை என்று ஏலம் போகும். பாதிப் பேர் கடன் சொல்லித்தான் எடுப்பார்கள். வசூலித்ததில் ஒரு பகுதியை அவர் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார். தப்புதான். யாரும் தனியாகப் போய்க் கேட்கவில்லை. நேராகக் கமிட்டியில் வைத்து, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து நிறுத்தினார்கள். மத்தேயு 18 சொல்லும் வரிசையே வேறு: முதலில் நீயும் அவனும் தனியாக, அப்புறம் இரண்டொருவரோடு, கடைசியில்தான் சபை.

சம்பா அறுத்ததும் மனுஷன் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ரசீதும் கொடுத்தார்கள். ஆனால் தடையை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆயர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் மினிட் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே ஒரு வரி: 'திருவிருந்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்.' எதற்காக, எதுவரை, யார் போய்ப் பார்ப்பது, எதுவும் இல்லை. அவரோ ஞாயிறு தவறாமல் வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார். திருவிருந்துப் பாட்டு தொடங்கியதும் எழுந்து வாசலில் செருப்பைத் தேடுவார்.

பிறகு மகள் கல்யாணம் வந்தது. மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். 'அவர் விஷயம் இன்னும் முடியலையே' என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். அந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் வேறொரு சபையில் நடந்தது. குடும்பமும் அங்கேயே நின்றுவிட்டது. 'ஒழுங்கைக் காப்பாற்றினோம்' என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு! எதைக் காப்பாற்றினார்களோ.

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், தவறு செய்தவனை விலக்கச் சொன்ன அப்போஸ்தலன் பவுல்தான், இரண்டாம் நிருபத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவனுக்கு அந்தத் தண்டனையே போதும், அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். இருவரும் ஒரே ஆள்தானா என்று வேத ஆராய்ச்சியாளர்கள் வாதாடுவார்கள். அது இருக்கட்டும், நம் கமிட்டிகள் முதல் நிருபத்தோடு நின்றுவிடுகின்றன.

ஐக்கியம் இருந்தால்தான் நிறுத்திவைப்பதற்கே அர்த்தம். வீட்டில் சாவு விழுந்தபோதும் நாம் எட்டிப் பார்க்காத ஆளை எதிலிருந்து விலக்குகிறீர்கள்? ஆகவே தீர்மானம் எழுதும்போதே மூன்றையும் எழுதிவிடுங்கள்: யார் போய்ப் பார்ப்பது, எந்த மாதம் மறுபடி பேசுவது, எப்படித் திரும்பச் சேர்ப்பது. போய்ப் பார்க்க ஆள் கிடைக்கவில்லையா, அந்தத் தீர்மானத்தையே போடாதீர்கள்.

ஆள் பார்த்து ஒழுங்கு

குடித்துவிட்டு வந்த கூலியாளை நிறுத்துவது சுலபம். வட்டிக்கு விட்டு அவன் காலி மனையை எழுதி வாங்கியவர் முன்வரிசையில் இருப்பார். இது இந்த மண்ணில் பழைய நோய். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூர் சபையில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். குடிக்கு ஒரு சட்டம், சாதிக்கு ஒரு சலுகை என்றிருக்கும் சபையில் மற்றவனைத் திருத்தும் பேச்சு எடுபடாது.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு

யாருக்காக ஜெபிக்கச் சொல்கிறீர்களோ, அவரைக் கேட்காமல் அவர் பெயரைச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அறவே வேண்டாம்.

போலீசுக்குப் போக வேண்டியதைச் சபைக்குள் முடிப்பது

பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறலுக்கு 'தனியாகப் போய்ப் பேசு' பொருந்தாது. 2012-ன் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்; கமிட்டி கூடும்வரை காத்திருக்காதீர்கள்.