ஆள் தேட எந்தத் தளம்? முதலாளிகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு பட்டறைக்கு இரண்டு சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷின்) ஆபரேட்டர்கள் தேவைப்பட்டார்கள். உரிமையாளர் பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பணம் கட்டி விளம்பரம் போட்டார். ஒரே வாரத்தில் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. திறந்து பார்த்தால் பெரும்பாலும் மெக்கானிக்கல் பி.இ. முடித்தவர்கள். மெஷினில் நின்று, வெட்டும் கருவியின் அளவைச் சரிசெய்து ஆஃப்செட் போடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தளத்தின் மேல் குற்றமில்லை. அவர் தேடிய ஆபரேட்டர் அங்கே வேலை தேடுவதில்லை, அவ்வளவுதான்.

பெயர் தெரிந்த தளம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 1997-இல் தொடங்கிய நௌக்ரி, ரெஸ்யூம் தயாராக வைத்திருக்கும் படித்தவர்களின் இடம். கணக்கு மேலாளர், ஐடி, தரக்கட்டுப்பாடு இன்ஜினியர் என்றால் தாராளமாக அங்கே போகலாம். லிங்க்ட்இன்னில் இருப்பவர்களில் பலர் வேலை தேடிக்கொண்டே இருப்பவர்கள் அல்ல. நாமாகப் போய்ப் பேசினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பேச நேரமில்லாத நிறுவனம், அங்கே விளம்பரத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். டெலிவரி, பில்லிங், டெலிகாலிங், ஆபரேட்டர் வேலைகளுக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது செல்போன் மட்டுமே. 2019-இல் வந்த அப்னா போன்ற செயலிகள் அவர்களை மனதில் வைத்தே உருவானவை. கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்க இன்டர்ன்ஷாலா இருக்கிறது.

ஊகிக்கவே வேண்டாம். உங்களிடம் நன்றாக வேலை செய்யும் நான்கு பேரைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க பிரெண்ட்ஸ் வேலை தேடினா எதுல பாக்குறாங்க?" என்று கேளுங்கள். எந்தத் தளத்தின் விற்பனைப் பிரதிநிதி சொல்வதையும்விட நம்பகமான பதில் கிடைக்கும்.

அந்தப் பிரதிநிதி காட்டும் தள்ளுபடியில் மயங்கி ஆண்டுச் சந்தா கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. வருடத்துக்கு மூன்று பேரை எடுக்கும் பட்டறைக்கு, ரெஸ்யூம்களைத் தேடிப் பார்க்கும் டேட்டாபேஸ் எதற்கு? ஒரே ஒரு விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பாருங்கள். அதற்கும் முன்பாக, செலவே இல்லாதவற்றைப் பாருங்கள். தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையமும், மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015-இல் தொடங்கிய என்சிஎஸ் (நேஷனல் கேரியர் சர்வீஸ்) வேலைவாய்ப்புத் தளமும் இலவசம். அரசுத் தளம் என்றாலே ஒதுக்கிவிடுகிறோம்; ஐடிஐ முடித்த பிள்ளைகளை அங்கேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

எத்தனை விண்ணப்பம் வந்தது என்பதை வைத்துத் தளத்தை எடைபோடாதீர்கள். ஒரு நோட்டில் தளவாரியாக நான்கு கணக்கு எழுதுங்கள்: போனை எடுத்தவர்கள், நேரில் வந்தவர்கள், சேர்ந்தவர்கள், மூன்று மாதம் கழித்தும் இருப்பவர்கள். ஒரு தளத்திலிருந்து 200 பேர் விண்ணப்பித்து ஒருவரும் நிலைக்கவில்லை, இன்னொன்றில் 9 பேர் விண்ணப்பித்து இருவர் நிலைத்தார்கள் என்றால், அடுத்த முறை பணத்தை எங்கே போடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு நியாயமாக இருக்க, விளம்பரம் ஒழுங்காக இருக்க வேண்டும். 'நல்ல சம்பளம்' என்று எழுதிவிட்டுத் தளம் சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கையில் எவ்வளவு வரும், பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, எந்த ஷிப்ட், தங்க இடம் உண்டா, பட்டறை எந்த பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம் என்று எழுதுங்கள். அரசூரில் வேலை என்று முதலிலேயே தெரிந்தால், சுந்தராபுரத்தில் இருப்பவர் இரண்டு பஸ் மாறி வந்து ஏமாற மாட்டார்.

வருகிற ரெஸ்யூம்களை வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். அதில் ஒருவரின் முகவரி, பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் நிறுவனத்தின் பெயரை மாதம் ஒருமுறையாவது இந்தத் தளங்களில் தேடிப் பாருங்கள். நீங்கள் போடாத விளம்பரம் இருந்தால் உடனே புகார் செய்து நீக்கச் சொல்லுங்கள். 'வேலைக்காக எங்கள் நிறுவனம் யாரிடமும் பணம் வாங்குவதில்லை' என்ற ஒரு வரியை ஒவ்வொரு விளம்பரத்திலும் சேருங்கள். போலி ஆளிடம் டெபாசிட் கட்டிவிட்டு, பெட்டியோடு உங்கள் கேட்டில் வந்து நிற்கும் பையனுக்கு வாட்ச்மேனால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.