சான் டியேகோவில் வாடகை வீடு: படங்களை நம்பி புக் செய்யாதீர்கள்

ஃபீனிக்ஸில் வெயில் 110 டிகிரியைத் தொட்டதும் எங்கள் தெருவில் பாதிப்பேர் மேற்கே கிளம்பிவிடுவார்கள். 8-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓட்டினால் கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான சான் டியேகோ. அரிசோனாவிலிருந்து வரும் எங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் 'ஸோனி' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு அங்கே சில நாள் தங்க வாடகை வீடு பிடிப்பது பற்றி, மூன்று தடவை போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வீடு புக் செய்யும் ஆப்பில் கணக்குத் தொடங்குவதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதலில் மாதம். மே, ஜூனில் கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகம் கரையைக் காலை முழுக்க மூடிக்கொண்டிருக்கும், சில நாள் மாலை வரைக்கும். 'ஜூன் க்ளூம்' என்பார்கள். ஜூலையில் காமிக்-கான் என்ற பெரிய காமிக்ஸ் திருவிழா நடக்கும் நாட்களில் வாடகை எகிறும். என் ஓட்டு செப்டம்பருக்கு. வெயிலும் உண்டு, தண்ணீரும் பல்லைக் கிட்டவைக்காது.

அடுத்து பகுதி. ஓஷன் பீச், பாயின்ட் லோமா பக்கம் வீடு சற்று மலிவாகக் கிடைத்தால் உடனே குஷியாகிவிடாதீர்கள். விமானங்கள் அந்த வீடுகளுக்கு மேலேதான் ஏறுகின்றன. இரவு 11:30 முதல் காலை 6:30 வரை புறப்படத் தடை. 6:30 ஆனதும் உங்களுக்கு அலாரம் தேவைப்படாது. லா ஹோயா அழகுதான், ஆனால் அங்குள்ள 'கோவ்' என்ற சின்ன வளைகுடா அருகே ஜன்னலைத் திறந்தால் கடல்சிங்கங்களின் நாற்றம் வீட்டுக்குள் வரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது மிஷன் பீச். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையில்லாத விரிகுடா, நடுவில் சில நிமிட நடை.

ஆனால் நான் சறுக்கியதும் அங்கேதான். விளம்பரத்தில் 'பார்க்கிங் உண்டு' என்று இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால், வீட்டு முகவரியில் இருக்கும் 'கோர்ட்' காரே நுழைய முடியாத நடைபாதை! கார் போகவேண்டியது பின்பக்கச் சந்து வழியாக. அங்கிருந்த கராஜ் பழைய காலத்து அளவு, எங்கள் எஸ்யூவி கண்ணாடியை மடக்கியும் நுழையவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்க, மிஷன் பூல்வார்டில் நாற்பது நிமிடம் சுற்றி, அரை மைல் தள்ளி இடம் பிடித்து, பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்தோம்.

அதனால் புக் செய்யும் முன்பே வீட்டுக்காரருக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள். கராஜின் அகலம், உயரம் எத்தனை அடி? இடம் நமக்கு மட்டுமா, வேறு யாருடனாவது பங்கா? இரண்டு கார் என்றால் பக்கம் பக்கமாகவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? பதில் ஆப்பிலேயே எழுத்தில் வரட்டும், போன் பேச்சு வேண்டாம். வீட்டின் சரியான இடம் பெரும்பாலும் புக் செய்த பிறகுதான் தெரியும். அதனால் பணத்தைத் திரும்பப் பெறும் வசதியுள்ள வீடாகப் பிடித்து, முகவரி வந்த அன்றே கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்தச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். அழகழகான படங்களை விட எனக்கு அந்த மங்கலான காட்சிமேல்தான் நம்பிக்கை.

லைசன்ஸ் எண்ணையும் விடாதீர்கள். 2023 மே முதல் இப்படிச் சில நாள் வாடகைக்கு வீடு விட நகராட்சி லைசன்ஸ் கட்டாயம், விளம்பரத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். மிஷன் பீச்சில் மொத்த வீடுகளில் 30 சதவீதத்துக்குத்தான் முழு வீட்டையும் வாடகைக்கு விடும் லைசன்ஸ் தருகிறார்கள். எண் இல்லாத வீடு எவ்வளவு மலிவானாலும் தள்ளிவிடுங்கள்.

சரி, காசு. சுத்தம் செய்யும் கட்டணம் 250 டாலர் என்றால், இரண்டு இரவு தங்கினால் இரவுக்கு 125, ஐந்து இரவு என்றால் 50. தங்கல் வரி தனி. 2025 மே முதல் அது இடத்தைப் பொறுத்து 11.75 முதல் 13.75 சதவீதம் வரை.

பின்சேர்க்கை: கார் இல்லாமல் சமாளிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ட்ராலி ரயில் மிஷன் பீச்சுக்குப் போகாது. ஓல்டு டவுனில் இறங்கி 8-ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஏசி இல்லாத வீட்டில் மாட்டிக்கொண்டாராம். கடலோரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஏசி கிடையாது. செப்டம்பருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அப்போது சில நாள் நன்றாகவே காயும். வீட்டுக்காரருக்கு அனுப்பும் கேள்விகளில் இதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.